சேலைன் ட்யூபுல செஞ்ச செயின் ஒயிலர், அட்டன் மழையில ஓட்டிப் பார்த்த ரிவியூ

வீட்டுல செஞ்ச சாமானுக்கெல்லாம் யாரும் ரிவியூ எழுதுவாங்களான்னு கேக்காதீங்க. கடையில விக்கிற செயின் ஸ்ப்ரேக்கே பக்கம் பக்கமா எழுதுறாங்க, அந்த ஸ்ப்ரே ஒரு டின் வாங்குற சல்லியவிட கொறச்சலா செஞ்ச இந்த ஒயிலர், ஓடுறப்போ செயினுக்கு தன்னால ஒயில் சொட்டுற சாமான், மழைக்காலம் முழுக்க நின்னு பிடிச்சிருக்கு, அதுனால எழுதுறேன். மழைக்கு நல்லா வேல செய்யுது, தூசிக்கு சுமார், மேல குளிருக்கும் கீழ வெக்கைக்கும் ஒரே நாள்ல ஏறி எறங்குற ஆளுக்கு கொஞ்சம் தலவலி. அந்த தலவலியப் பத்திதான் கூட சொல்லப்போறேன், ஏன்னா நான் பார்த்த வீடியோ எதுலயும் அதப் பத்தி ஒருத்தரும் வாய் தொறக்கல, எல்லாம் சமதரையில ஓட்டுறவங்க போல.

பைக்கு பழைய 150 சிசி, மேல பாதிக்கு மட்டும் கவர், மத்தபடி செயின் வெளிய தெரியும். 428 சைஸ், ஓ-ரிங் (கண்ணிக்கு நடுவுல போடுற ரப்பர் வளையம்) இல்லாத சாதாரண செயின். நம்ம பக்கத்து மழையப் பத்தி புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, வட்டவளை கினிகத்தேன எல்லாம் இலங்கையிலயே ஆகக் கூட மழை விழுற எடங்கள், மே மாசம் பிடிச்சா செப்டெம்பர் வரைக்கும் ரோட்டு காயாது. காலையில செயினுக்கு ஒயில் போட்டுட்டு எறங்கினா டவுனுக்குப் போய் சேரக்குள்ள பாதி கழுவிட்டுப் போயிரும், ராவு நிப்பாட்டி வச்சா விடியும்போது துரு. வாகன இறக்குமதிய 2020 மார்ச்சுல நிறுத்தி 2025லதான் தொறந்தாங்க, அந்த இடப்பட்ட காலத்துல இருக்கிற பைக்க காப்பாத்துறதத் தவிர வேற வழியே இல்ல, செயின் செட்டு விலையும் ஏறிப்போச்சு. தொறந்த பொறகு புது பைக்கு விலையக் கேட்டுட்டு வந்து பழைய பைக்க இன்னும் பாசமா பாக்க ஆரம்பிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

செயின் ஒயிலர்னா என்னான்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஒரு சின்ன போத்தல், அதுல இருந்து ஒரு ட்யூப், நடுவுல துளி கணக்க கூட்டிக் கொறைக்க ஒரு டெப், ட்யூப்போட நுனி பின்னால இருக்கிற பெரிய ஸ்ப்ரொக்கெட்டோட, அதாவது செயின் ஓடுற பல்சக்கரத்தோட, பக்கவாட்டுல லேசா தொட்டுக்கிட்டு நிக்கும். வண்டி ஓடுறப்போ நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு துளி ஸ்ப்ரொக்கெட் தகட்டுல விழும், சுத்துற வேகத்துல அது வெளிப்பக்கமா ஓடி பல்லுக்குப் போய் அங்கயிருந்து செயின் ரோலருக்குள்ள எறங்கும். செயின் மேலயே நேரா ஊத்தணும்னு இல்ல, ஊத்தினா காத்துக்கு பாதி டயர்ல தான் போய் ஒட்டும்.

ஸ்கொட்லாந்துல செய்யுற ஸ்கொட்டொயிலர்னு ஒண்ணு இருக்கு, இந்த சாமான்ல ஆகப் பேர் எடுத்தது அதுதான். அதோட சாதாரண மொடல் எஞ்சின் இழுக்கிற வெக்குவத்துல வேல செய்யும், எஞ்சின் ஓடினா வால்வு தொறக்கும், நிப்பாட்டினா தன்னால மூடிரும். நல்ல சாமான், அதுல கத சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா வெளிய இருந்து எடுப்பிச்சு வரி கட்டி போடுற சல்லிக்கு நான் எத்தனையோ செயின் மாத்திருவேன். அதப் பாத்து சில பேர் வீட்டுலயே வெக்குவம் எடுக்கப் போறாங்க, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மெனிஃபோல்ட்ல ஓட்டை போட்டு. வேணாம். அங்க கொஞ்சம் காத்து லீக் ஆனா கூட மிக்சர் லீன் ஆயிரும், அதாவது பெட்ரோல் கொறஞ்சு காத்து கூடிரும், சின்ன எஞ்சினு, ஐட்லிங்கே நிக்காது, செயினக் காப்பாத்தப் போய் பிஸ்டனுக்கு வேட்டு வச்ச மாதிரி ஆயிரும். நம்மளுக்கு பாரத்துல தானா எறங்குற சிஸ்டம் போதும்.

சாமான் எல்லாம் டவுன்லயே எடுத்தது. பார்மசியில சேலைன் செட் ஒண்ணு, மீன் தொட்டி சாமான் விக்கிற கடையில காத்து ட்யூபுக்கு போடுற சின்ன டெப் ஒண்ணு, காலி பிரேக் ஒயில் போத்தல், கேபிள் டை, கொஞ்சம் கட்டுக்கம்பி. பார்மசியில அந்த அக்கா "யாருக்கு தம்பி சுகமில்ல, வீட்டுல வச்சா சேலைன் ஏத்தப் போறீங்க?"ன்னு பதறிப்போய் கேட்டாங்க, பைக்குக்குன்னு சொன்னதும் என்னய ஒரு மாதிரி பாத்துட்டு பில்லப் போட்டாங்க.

சேலைன் செட்டுல எனக்கு ஆகப் பிடிச்சது அந்த துளி விழுற கண்ணாடி மாதிரி சேம்பர். எத்தன துளி விழுதுன்னு கண்ணால எண்ணிப் பாக்கலாம், விலை கூடின சாமான்ல கூட இவ்வளவு தெளிவா தெரியாது. ஆனா அதோட வர்ற உருட்டுற கிளிப்ப நம்பாதீங்க. அது கட்டில் பக்கத்துல அசையாம தொங்குறதுக்கு செஞ்சது, தோட்டத்து ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போறப்போ தன்னால எளகிரும். அதுக்குத்தான் மீன் தொட்டி டெப். திருகினா திருகின எடத்துல நிக்கும். சேம்பருக்கு அடியில சில செட்டுல ஒரு சல்லட இருக்கும், தண்ணி போகும் ஆனா தடிச்ச ஒயில் அதுல தேங்கும், அத ஊசியால நோண்டி எடுத்துருங்க. போத்தல் மூடியில ஊசி ஓட்ட ஒண்ணு கட்டாயம், காத்து உள்ள போக வழியில்லன்னா கொஞ்ச தூரத்துல துளி நின்னுரும், ட்யூப் அடச்சிருச்சுன்னு நெனச்சு எல்லாத்தையும் கழட்டுவீங்க.

போத்தல சைட் கவருக்கு உள்ளுக்கு கட்டி, ட்யூப ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தப் பிடிச்சிருக்கிற கை) ஓரமா கொண்டு போய், நுனிக்கு மட்டும் கட்டுக்கம்பி சேர்த்துக் கட்டி வளைச்சிருக்கேன். நுனிய சரிவா வெட்டி ஸ்ப்ரொக்கெட்ட லேசா தொடுற மாதிரி வைக்கணும். தொடாம தொங்கினா துளி காத்துல பறக்கும், பறந்தா டயர். இறம்பொடை எறக்கத்துல ஊசி வளைவு ஒவ்வொண்ணா திரும்பி வர்றப்போ டயர் ஓரத்துல ஒயில் இருந்தா என்னா ஆகும்னு நான் விளக்கத் தேவயில்ல. போட்டு முதல் கிழமை எங்க போனாலும் எறங்கினதும் டயர் ஓரத்த விரலால தடவிப் பாருங்க. நம்ம இந்திய பைக்குகள்ல செயின் இடது பக்கம், அப்ப இடப்பக்க வளைவுதான் ஆபத்து.

ஒயில் விஷயத்துக்கு வருவோம், இதுல தான் ஆளுக்கு ஒரு கத. கராஜ்ல பாஸ் சொன்னாரு "என்னாத்துக்கு தம்பி கடை ஒயில், இந்தா எஞ்சின்ல இருந்து எறக்கினது கேன் கேனா கெடக்கு, சும்மா எடுத்துட்டுப் போ"ன்னு. நல்ல மனுசன், ஆனா அதுல கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கு, அத ரோலருக்குள்ள விடுறது அரம் போடுறதுக்கு சமம். இன்னொரு விஷயம், இந்த சிஸ்டத்துல போடுற ஒயில் அவ்வளவும் கடைசில ரோட்டுலயும் கான்லயும் தான் விழும், நம்ம ரோட்டு தண்ணி போற எடம் காசல்ரீ, மஸ்கெலியா, கொத்மலைன்னு எல்லாம் நீர்த்தேக்கம். அதுக்குள்ள கழிச்ச கருப்பு ஒயில விட எனக்கு மனசில்ல. நல்ல ஒயில்னாலும் கொஞ்சமாத்தான் விடணும்.

தேங்காண்ணெய் போட்டா என்னான்னு கேட்டவரும் இருக்காரு. 24 பாகைக்கு கீழ போனா தேங்காண்ணெய் உறஞ்சிரும். நுவரெலியாவுல காலையில போத்தல அடுப்புகிட்ட வச்சு எடுக்குற ஆளுங்க நாம, அது அந்த ட்யூபுல எப்படி எறங்கும். உறையாட்டியும் சமையல் எண்ணெய் எல்லாம் நாள் போகப் போக பிசின் மாதிரி ஆயிரும், செயினுக்கு வேணாம்.

நான் போடுறது 80டபிள்யூ-90 கியர் ஒயில். 90ன்னு நம்பரப் பாத்து ரொம்ப தடிப்பா இருக்கும்னு நெனைப்பாங்க, அப்படி இல்ல, கியர் ஒயிலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் நம்பர் போடுற கணக்கே வேற. கியர் 90ங்கிறது எஞ்சின் ஒயில்ல 40, 50 தடிப்புக்கு கிட்டத்தட்ட வரும். வாட மட்டும் கந்தகம் மாதிரி இருக்கும், கைல பட்டா சோறு திங்கிற வரைக்கும் போகாது.

இப்ப அந்த தலவலி. ஒயில் சூட்டுக்கு எளகும், குளிருக்கு தடிக்கும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எவ்வளவுங்கிறதுதான் விஷயம். 12 பாகையில இருக்கிற கியர் ஒயில 30 பாகைக்கு கொண்டு போனா அது ரெண்டு மூணு மடங்கு எளகிரும், அதே டெப்பு அதே திருகல்ல துளியும் ரெண்டு மூணு மடங்கு விழும். நுவரெலியா 1,868 மீட்டர், கண்டி 500 மீட்டருக்கு கிட்ட. காலையில நானுஓயா குளிர்ல நிமிஷத்துக்கு ஒரு துளின்னு கணக்கா திருகி வச்சுட்டு இறம்பொடை எறங்கி கம்பளை வெக்கைக்குள்ள போய் சேர்ந்தா அங்க மூணு துளி விழுந்துட்டு இருக்கும், ரிம் பூரா ஒயில் தெறிச்சிருக்கும். அதயே கண்டியில வச்சு திருகிட்டு ராவு மேல ஏறினா துளியே விழாது, மழையோட ஏறுறப்போ தான் செயினுக்கு ஒயில் வேணும், அப்பதான் நிக்கும். அட்டன்ல இருந்து கினிகத்தேன வழியா கித்துல்கல எறங்கினாலும் இதே கத தான். ஸ்கொட்டொயிலர்காரங்களே குளிருக்கு நீல ஒயில், வெக்கைக்கு சிவப்பு ஒயில்னு வேற வேறயா விக்கிறாங்க, ஆனா அவங்க நெனச்சது கோடைக்கு ஒண்ணு மாரிக்கு ஒண்ணுன்னு, நம்மளுக்கு ரெண்டு காலமும் ஒரே நாள்ல வந்துட்டுப் போகுதே.

இதுக்கு நான் கண்ட வழி, டெப்புல பெயின்டால ரெண்டு புள்ளி வச்சது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எறங்குறப்போ எங்கயாவது டீ குடிக்க நிப்பாட்டினா கையோட திருப்பி விட்டுருவேன். போத்தல எஞ்சின் பக்கத்துல சூடு படுற எடத்துல வச்சா ஒயில் ஒரே சூட்டுல இருக்கும்னு ஒரு யோசன சொன்னாங்க, அது பாதி சரி, ஓடத் தொடங்கி எஞ்சின் சூடாகுற வரைக்கும் ஒண்ணும் விழாது, பொறகு ட்ராஃபிக்ல நின்னா ஊத்தும். 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் போட்டா வித்தியாசம் கொஞ்சம் கொறையுது, ஆனா மழையில கியர் ஒயில் அளவுக்கு ஒட்டி நிக்கல. நான் கியர் ஒயில்லயே இருந்துட்டேன்.

தன்னால மூடாதுங்கிறது அடுத்த குறை. நிப்பாட்டினா டெப்ப மூடணும், மூடாம போனா அது பாட்டுக்கு எறங்கிட்டே இருக்கும், லயத்து இஸ்தோப்புல விட்டீங்கன்னா காலையில வீட்டுல பேச்சு வாங்குறது நிச்சயம். 12 வோல்ட் சின்ன சொலனொய்ட் வால்வு (கரண்டுல தொறந்து மூடுறது) ஒண்ண இக்னிஷன் லைன்ல குடுத்தா சாவி மூடினதும் நின்னுரும், செலவு கூடும், மழைத்தண்ணி போற கனெக்டர் ஒண்ணும் கூடும். மறதிக்காரங்களுக்கு அது சரிவரும்.

ட்யூப் சம்பந்தமா ஒண்ணு. சேலைன் ட்யூப் பிவிசி, ஒயில்லயே கெடந்தா நாள் போகப் போக விறைச்சு மஞ்சளாகி வெடிக்கும். மீன் தொட்டி சிலிக்கோன் ட்யூப் அதுக்கு எதிர்மாறு, ஒயில் குடிச்சு ஊதி டெப்புல இருந்து கழண்டு வரும். சேம்பர மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்துக்கு பெட்ரோல் லைனுக்கு போடுற மெல்லிய ஹோஸ் போடுறதுதான் நல்லது, ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில அடிக்கணக்குல வெட்டித் தருவாங்க.

செலவு எவ்வளவுன்னா ஒயில் செலவு ஒண்ணுமேயில்ல. நிமிஷத்துக்கு ஒரு துளின்னா மணித்தியாலத்துக்கு 60 துளி, 2, 3 மில்லிலீட்டர்தான். 100 மில்லி போத்தல் 30 மணித்தியாலத்துக்கு மேல ஓடும், நம்ம ரோட்டுல மணிக்கு 30 கிலோமீட்டர்னு வச்சாலும் 900, 1,000 கிலோமீட்டர் வரும்.

சரி, செயின் உண்மையிலயே தப்பிச்சுதான்னு கேட்டா அளந்து பாக்கலாம். 428 செயின்ல ஒரு கண்ணிக்கு 12.7 மில்லிமீட்டர், 20 கண்ணி 254. இழுத்துப் பிடிச்சு பின்னுக்கு பின் அளந்து 259 வந்தா 2 வீதம் நீண்டிருச்சு, மாத்தணும். என்னோடது மழை முடிஞ்சு அளக்கும்போது 255 கிட்டதான் நிக்குது, துரு ஒரு பொட்டு இல்ல, சத்தமும் இல்ல. இதுக்கு முந்தின செயின் ஸ்ப்ரேயோட இவ்வளவு தாக்குப் பிடிக்கல.

தூசிக்கு ஏன் சுமார்னு சொன்னேன்னா, பதுளை பக்கம் இருக்கிற மச்சானுக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தேன், அங்க கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல தோட்டத்து மண் ரோட்டுல ஓடினா ஈர ஒயில்ல மண் அப்பி மாவு அரைக்குது. ஒயில் தொடர்ந்து விழுந்தா அழுக்கையும் கழுவிட்டுப் போகும்னு சொல்றது தார் ரோட்டுக்கு சரி, புழுதிக்கு சரி இல்ல. அந்த நேரத்துல டெப்ப மூடி வச்சுட்டு மண்ணெண்ணெய்ல கழுவித் தொடச்சு கையால ஒயில் போடுறதே மேல். ஓ-ரிங் செயின் இருக்கிறவங்களும் மண்ணெண்ணெய்லயே கழுவுங்க, பெட்ரோல் வேணாம், அது ரப்பர தின்னுரும்.

கழுவுறப்போ எஞ்சின ஸ்டார்ட் பண்ணி கியர்ல போட்டு சக்கரத்த சுத்த விட்டு துணியப் பிடிக்கிற வேல மட்டும் செய்யாதீங்க. சர்வீஸ் பண்ணுற எடங்கள்ல சாதாரணமா செய்யுறாங்க, துணி ஸ்ப்ரொக்கெட்டுல மாட்டினா விரலும் கூடத்தான் போகும். நடு ஸ்டாண்ட்ல நிப்பாட்டி கையால சுத்துங்க, ஒயிலர் நுனிய சரி பண்ணுறதும் எஞ்சின் நிப்பாட்டின பொறகுதான்.

முழு கவர் போட்ட 100 சிசி பைக்கு வச்சிருக்கிறவங்க இதுக்கெல்லாம் மெனக்கெட வேணாம். உங்க செயினுக்கு மழையே படாது, கவர்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதக் கழட்டி சக்கரத்த சுத்திச் சுத்தி அதே கியர் ஒயில கொஞ்சம் விட்டாலே போதும், மூடிய மட்டும் தொலைக்காம திருப்பி மாட்டுங்க, அது தனியா கடையில தேடினா கெடைக்கிறது கஷ்டம்.