பாரீஸில் ஒரே ஒரு பெரிய சாப்பாடு: வாத்தா, காய்கறியா, கூடமா?

பாரீஸில் ஒரே ஒரு வேளை மட்டும் காசைப் பார்க்காமல் சாப்பிடலாம் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று உணவகங்களில்தான் வந்து நிற்பார்கள்: லா தூர் தார்ஜான், லார்பேஜ், லெ கிரான் வேஃபூர். மிஷலின் வழிகாட்டி நூல் உணவகங்களுக்குத் தரும் நட்சத்திரத்தை மட்டும் வைத்து இவற்றை எடைபோட முடியாது. முதலாவதில் சடங்குக்குக் காசு, இரண்டாவதில் சமையலுக்கு, மூன்றாவதில் கூடத்துக்கு.

தூர் தார்ஜான் சேன் நதிக்கரையில், ஆறாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலோர மேசை கிடைத்தால் நோத்ர தாம் தேவாலயத்தின் பின்பக்கம் முழுசாகத் தெரியும். ஆனால் இங்கே போவதே அழுத்து வாத்துக்காகத்தான். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் எண் கொடுத்து, அந்த எண் அச்சிட்ட அட்டையை மேசைக்கே தருகிறார்கள். 1921-இல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் ஹிரோஹிதோவுக்குப் பரிமாறியது 53,211-ஆவது வாத்து. 2003-இல் கணக்கு பத்து லட்சத்தைத் தாண்டியது.

வேலை நடக்கும் விதம் இது. ரத்தம் உடலிலேயே தங்கும்படி கொன்ற வாத்தைக் குறைந்த நேரமே சுடுவார்கள். நெஞ்சுக்கறியை மெல்லிய துண்டுகளாகச் சீவியபின், மிச்சமுள்ள எலும்புக்கூட்டை வெள்ளி அழுத்துகருவியில் போட்டுத் திருகுவார்கள். வழியும் சாறும் அரைத்த ஈரலும் கோன்யாக் பிராந்தியும் மதெய்ரா ஒயினும் சேர்ந்து குழம்பாகின்றன. கொதித்துவிட்டால் ரத்தம் திரிந்து குழம்பு மணல் மணலாகிவிடும். அதனால்தான் பரிமாறுபவர் அந்தப் பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கால்களைத் தனியே சுட்டு அடுத்த சுற்றில் வைப்பார்கள். "நன்றாக வேகட்டும்" என்று கேட்பவர்கள் இங்கே போகாமலிருப்பதே மேல். வெந்த வாத்தில் ரத்தம் உள்ளேயே உறைந்துவிடும், பிழிய எதுவும் மிஞ்சாது. ஒரு வாத்து இரண்டு பேருக்கு. தனியாகப் போகிறவர் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒயின் பட்டியல் ஏறக்குறைய எட்டு கிலோ கனம். அதைப் புரட்டி முடிப்பதற்குள் பசியே போய்விடும். கட்டுப்படியாகும் ஒரு விலையில் விரலை வைத்து ஒயின் பணியாளரிடம் காட்டினால் போதும், அந்த அளவுக்குள் எடுத்துத் தருவார்.

லார்பேஜ் இதற்கு நேரெதிர். சமையல் கலைஞர் அலைன் பஸ்ஸார் 1986-இல் திறந்தது, 1996-இல் மூன்றாம் நட்சத்திரம். 2001-இல் சிவப்பு இறைச்சியை நிறுத்தினார். 2025 ஜூலையில் மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே போயின; சொந்தத் தேனீக்களின் தேன் மட்டும் விதிவிலக்கு. மாற்றத்தின்போது வெளியான விலை மதியம் 260 யூரோ, இரவு 420. காய்கறிக்கு இத்தனையா என்று கேட்கலாம். காய்கள் வருவது சொந்தத் தோட்டங்களிலிருந்து, அன்று வந்ததே அன்றைய பட்டியல். உப்பு மூடிச் சுடும் பீட்ரூட்டையே எடுத்துக்கொள்வோம்: தோல் கீறாத முழுக் கிழங்கைக் கல்லுப்புக் குவியலில் புதைத்துச் சுட்டு, உப்புக்குள்ளேயே ஆறவிடுகிறார்கள். தோலில் சின்ன வெட்டு இருந்தாலும் உப்பு உள்ளே இறங்கி வாயில் வைக்க முடியாது. கிழங்கின் சொந்த ஈரத்திலேயே வேகுவதால் இனிப்பு வெளியே போவதில்லை. சைவக்காரர்களுக்கு இந்த மூன்றில் யோசிக்கவே வேண்டாத இடம். குறை, கூடம் சின்னது. பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழும்.

வேஃபூர் பலே ரொயால் அரண்மனைத் தோட்டத்தின் ஓரத்தில், 1784-இல் காப்பிக் கடையாகத் தொடங்கியது. ஓவியம் தீட்டிய கூரை, நிலைக்கண்ணாடிகள், நெப்போலியன், விக்தர் ஹ்யூகோ பெயர் பொறித்த இருக்கைகள். சமையல் கலைஞர் கி மார்த்தேன் சமீப ஆண்டுகளில் நட்சத்திரப் போட்டியை விட்டு எளிய பட்டியலுக்கு இறங்கிவிட்டார். சாப்பாடு நன்றாகவே இருக்கும், ஆனால் மற்ற இரண்டின் உயரத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் கூடத்தைத் தவறவிட்டதாகிவிடும். முன்பதிவில் "உள்ளே" என்று எழுதுங்கள்.

இறைச்சி சாப்பிடுபவருக்கு எங்கள் தேர்வு தூர் தார்ஜான், அதுவும் மதியம்: செலவும் குறையும், வெளிச்சத்தில் நதியும் தெரியும். கையில் காசு குறைவு, பழைய பாரீஸைப் பார்த்தால் போதும் என்றால் வேஃபூர்.

எங்கே போனாலும், உட்கார்ந்ததும் "ஷாம்பேன்?" என்று கேட்டால் விலையை விசாரித்துவிட்டுத் தலையாட்டுங்கள். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடக்கம். முன்பதிவில் கடன் அட்டை எண் வாங்கிக்கொண்டால், வராதவர்களிடம் தலைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். லார்பேஜுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வார இறுதிப் பயணத்தில் அதை நம்பிப் போகாதீர்கள்.