‘கையால் சுற்றியது’ என்று என் தலையில் கட்டப்பட்ட மூன்று பிக்கப்

எலக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே செய்துபார்க்கும் பைத்தியம் உங்களுக்கும் இருந்தால், பிக்கப்புக்கு, அதாவது கிட்டார் கம்பிகளின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருளுக்கு, பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 7,800 ரூபாய் போனது. அதைவிட, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பிரபல கிட்டாரின் மாதிரியில் ஒன்று செய்துகொண்டிருந்தேன். உடம்புக்கு மலைவேம்புப் பலகை. தேக்கு கைவசம் இருந்தது, ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்க முடியாது. மொட்டைமாடியில் மரம் குடையும் ரவுட்டரை ஓட்டி, காயப்போட்டிருந்த வடகத்தில் மரத்தூள் விழுந்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, உடம்பை 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தேன். நெக்கை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தை, வேறு ஒருவரிடம் தனியாக வாங்கினேன். அதில் ஒரு குறையும் இல்லை.

பிக்கப்பை மட்டும் நானே சுற்றத் துணியவில்லை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்ற வேண்டும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. 1963இல் அப்பாவோடு சேர்ந்து தன் கிட்டாரை வீட்டிலேயே செய்யத் தொடங்கிய ‘குயின்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, பழைய கணப்படுப்பின் மரத்தில் நெக்கைச் செதுக்கினார். மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கை, சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோவுக்குள் வைத்தார். அவரே கடைசியில் பிக்கப்பைக் கடையில்தான் வாங்கினார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு. ‘ஆல்நிக்கோ 5 காந்தம், கையால் சுற்றியது, நடு பிக்கப் ரிவர்ஸ் வைண்ட்’ என்று விளம்பரம். ஆல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம். ரிவர்ஸ் வைண்ட் என்றால் எதிர்த்திசையில் சுற்றியது. ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர். அந்தக் கையெழுத்தில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து, சுற்றி, பெயரெழுதி அனுப்புகிறார் என்றால் மனசு இளகத்தானே செய்யும்? பேச்சும் இனிமை. “ப்ரோ, உங்க பில்டுக்கு இதுதான் ப்ரோ செட் ஆகும்.” ஜிபேயில் ஒரு தனிநபர் நம்பருக்கு முழுப் பணத்தையும் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, “பார்சல்ல வெச்சிடறேன் ப்ரோ.” மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. ரசீது இல்லை.

சாலிடர் செய்து ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) போட்டதும் இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் இரையும்தான், அது தெரியும். ஆனால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சை, நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாவது, நான்காவது இடத்துக்குத் தள்ளினால் அந்த இரைச்சல் நன்றாகக் குறைய வேண்டும். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருந்தால், அந்த இரண்டு இடங்களிலும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். எனக்கு ஐந்து இடத்திலும் ஒரே ‘ம்ம்ம்’.

உடனே நான் யாரைச் சந்தேகப்பட்டேன்? என்னைத்தான். எர்த் சரியில்லையோ என்று, கிட்டார் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் வயரை மாற்றினேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், இரைச்சலைத் தடுக்கும் செம்பு டேப் வாங்கிவந்து பிக்கப் உட்காரும் குழி முழுக்க ஒட்டினேன். ஸ்விட்சைக் கழற்றிப் புதிதாக சாலிடர் செய்தேன். வீட்டில் செய்கிறவன் முதலில் தன் கையைத்தான் குறை சொல்வான். இந்த ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். ‘ஏழு நாளுக்குள் சொன்னால் மாற்றித் தருவோம்’ என்பது அவர்கள் கணக்கு. அந்த ஏழு நாளும் நாம் நம் சாலிடரையே முறைத்துக்கொண்டிருப்போம்.

நான்காவது ஞாயிறு, வெறுத்துப்போய் மூன்றையும் வெளியே எடுத்தேன். நடு பிக்கப்பையும் நெக் பக்கத்துப் பிக்கப்பையும் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். நடுவில் உள்ளது தலைகீழ்க் காந்தம் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிக்கொண்டு ஓடின. மூன்றில் எந்த இரண்டை வைத்தாலும் அதே கதை. அப்புறம் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். கீழே ஒரு கறுப்புத் துணி டேப். அதையும் உரித்தால், பசையில் ஒட்டிய கறுப்புச் செராமிக் காந்தக் கட்டை ஒன்று, சாக்பீஸ் நீளத்தில். உண்மையான ஆல்நிக்கோ பிக்கப்பில் கிட்டார் கம்பிகளுக்குக் கீழே நிற்கும் ஆறு உருளைகளும் தாமே காந்தம். அடியில் கட்டை தேவையே இல்லை. இதில் அந்த ஆறும் வெறும் இரும்பு. கையெழுத்து ஸ்டிக்கர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

செராமிக் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல செராமிக் பிக்கப்புகள் இருக்கின்றன, விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அச்சு அசல் இதே மாதிரி செட்டை ஒரு ஷாப்பிங் தளத்தில் 900 ரூபாய்க்குப் பார்த்தேன். மீதி 6,900 அந்தக் கையெழுத்துக்கு.

படங்களோடு செய்தி அனுப்பினேன். ‘ப்ரோ’ அந்த நிமிடமே ‘சார்’ ஆனது. “சார், சாலிடர் பண்ணிட்டீங்க, ஸ்டிக்கரையும் எடுத்துட்டீங்க. இது எங்க பீஸ்தானான்னு எப்படி சார் சொல்றது?” ஸ்டிக்கரை எடுக்காமல் காந்தம் தெரியாது, எடுத்தால் அது அவர் பொருளே இல்லை. எவ்வளவு அழகான பூட்டு! அதற்குப் பிறகு நீல டிக் மட்டும். பிறகு அதுவும் இல்லை, பிளாக்.

வங்கியில் கேட்டதற்கு, பணத்தை நீங்களே விரும்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது கூரியர் கவரில் பாதி அழிந்த ஒரு பின்கோடு. பணம் அனுப்புவதற்கு முன் ரசீதையும் முகவரியையும் வாங்கியிருந்தால் இந்த இடத்தில் நின்றிருக்க மாட்டேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள், பிக்கப்பின் அடிப்பக்கமும் தெரியட்டும். சாலிடரைத் தொடாதீர்கள். முதலை கிளிப் வைத்து வயரை நேராக ஜாக்கில் கோத்தாலே ஒலி வரும். மல்டிமீட்டரை 20k ஓம்-இல் வைத்து மின்தடையை அளந்து, அவர்கள் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். எனக்கு வந்த மூன்றும் ஆறு கிலோ ஓம் பக்கம்தான் காட்டின, அதாவது விளம்பரத்தில் சொன்னதுதான். காந்தம் என்னவென்று மீட்டருக்குத் தெரியாது. இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். அடியை மூடி ஸ்டிக்கரோ டேப்போ இருந்தால், பிரித்துப் பார்க்கலாமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். ‘வாரண்டி போய்விடும்’ என்று பதில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கிட்டார் இன்னும் பிக்கப் இல்லாமல் பீரோ மேல் கிடக்கிறது. நேற்று நண்பரின் போனில் பார்த்தேன், அந்தக் கணக்கில் புது செட் போட்டிருக்கிறார்கள். அதே ஸ்டிக்கர், அதே கையெழுத்து. விலை 8,500.