எண்பதில் கூடும் ஓய்வூதியம்: பணம் சரி, அதை வாங்கும் பாடு தனி

அம்மா 34 வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அப்பாவும் வாத்தியார்தான், இப்போது இல்லை. அதனால் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் வருமானம்: சொந்த ஓய்வூதியம் ஒன்று, அப்பா வழியில் குடும்ப ஓய்வூதியம் ஒன்று. போன ஆகஸ்டில் 80 நிரம்பியது. தமிழ்நாடு அரசு கொடுக்கும் கூடுதல் ஓய்வூதியம், அதோடு ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றை வீட்டுக்கே வந்து எடுக்கும் தபால்காரர் சேவை, இரண்டையும் இந்த ஆறு மாதத்தில் பார்த்துவிட்டேன். சொந்த ஓய்வூதியத்துக்கான கூடுதல் சொல்லாமலே வந்தது, குடும்ப ஓய்வூதியத்துக்கானதற்கு நடையாய் நடந்தேன். வீட்டில் எண்பதை நெருங்கும் ஓய்வூதியர் இருந்தால் இதைப் படித்து வையுங்கள்.

முதலில் கணக்கு. 80 வயது நிரம்பினால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85ல் 30, 90ல் 40, 95ல் 50, நூறு தொட்டால் முழுசாக இன்னொரு மடங்கு. அதோடு அந்தக் கூடுதல் தொகைக்கும் அகவிலைப்படி உண்டு, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அடிப்படை 20,000 என்று வையுங்கள், 20 சதவீதம் 4,000. அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்தால் அதற்கு மேல் 2,000, ஆக மாதம் 6,000. மாத்திரைச் செலவு போக மீதி நிற்கும் தொகை. கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) வாங்கியவர்கள் பிடித்தம் போன தொகைக்குத்தான் 20 சதவீதமோ என்று பயப்பட வேண்டாம், முழு அடிப்படைக்கும் உண்டு.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: 79 முடிந்து 80 தொடங்கியதுமே தரவேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டதாக. 2018ல் கவுகாத்தி உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மைதான், ஆனால் அது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் வழக்கு. நம்ம கருவூலத்தில் அதைக் காட்டினால் சிரிப்பார்கள். 80 நிரம்பவேண்டும், அவ்வளவுதான். எழுபதிலேயே 10 சதவீதம் கொடுங்கள் என்று ஓய்வூதியர் சங்கங்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வருவது தனிக் கதை. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. என் மனைவி அந்தக் கூட்டம். அம்மாவின் பாஸ்புக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவள் விடும் பெருமூச்சு இருக்கிறதே!

இப்போது தபால்காரர். வாழ்நாள் சான்றை டிஜிட்டலாக எடுக்கும் 'ஜீவன் பிரமாண்' 2014 நவம்பரில் வந்தது, அதைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுக்கிறார், கட்டணம் 70 ரூபாய். தபால் துறையின் செயலியில் கேட்கலாம், ஆனால் தெருவில் போகிறவரை நிறுத்திச் சொன்னாலே போதும், எங்களுக்கு மறுநாளே வந்தார். ஆதார், பி.பி.ஓ (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி இவ்வளவும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, காரணம் அம்மாவின் விரல். வலது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எதையும் கருவி ஏற்கவில்லை, வைத்தவுடன் சிவப்பு விளக்கு. முப்பத்தி நாலு வருஷம் சாக்பீஸில் தேய்ந்த விரல் என்றார் அம்மா, அது எவ்வளவு உண்மையோ தெரியாது. தபால்காரர் பொறுமையாகப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, ஈரமாக்கித் துடைத்து, "டீச்சரம்மா, மோதிர விரலை வைங்க, லேசா அழுத்துங்க" என்றார். பச்சை விழுந்தது. பெயரில் ஒரு எழுத்து தப்பாகத் தட்டியிருந்ததை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார், அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். விரல் சுத்தமாக ஒத்துவராதவர்களுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சான்று எடுக்கும் வழியும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு ஓய்வூதியம் என்றால் இரண்டு பி.பி.ஓ, இரண்டு சான்று, இரண்டு எழுபது. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டுக்கும் ஆச்சு என்று இருந்தால் ஒன்று நின்றுவிடும். கருவூலத்துக்கு ஆட்டோவில் போய், பெஞ்சில் இடம் பிடித்து, வெயிலில் திரும்பி வருவதை நினைத்தால் 140 ரூபாய் ஒன்றுமே இல்லை. தபால்காரருக்கு ஐந்துக்கு ஐந்து.

அப்புறம் கருவூலம். ஊர்ப் பெயர் வேண்டாம். அம்மாவின் சொந்த ஓய்வூதியத்தில் 20 சதவீதம் ஆகஸ்ட் மாதமே ஏறிவிட்டது, நாங்கள் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை, அந்த மட்டும் பாராட்டத்தான் வேண்டும். குடும்ப ஓய்வூதியத்தில் ஏறவில்லை. அதற்கும் 80ல் அதே 20 சதவீதம் உண்டு. போய்க் கேட்டால், அப்பாவின் பி.பி.ஓவில் மனைவியின் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இல்லையாம். பழைய பி.பி.ஓக்கள் பலவற்றில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். சரி, இதே அலுவலகத்தில்தானே அம்மாவின் சொந்தக் கோப்பும் இருக்கிறது, அதில் பிறந்த தேதி இருக்கிறதே, அதை வைத்துத்தானே போன மாதம் கூட்டிக் கொடுத்தீர்கள் என்றேன். "அது வேற பி.பி.ஓ சார்" என்றார் எழுத்தர். இரண்டு கோப்பும் ஒரே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

செப்டம்பரில் மனு. ஆதார் நகல், எஸ்.எஸ்.எல்.சி. புத்தக நகல், அம்மாவின் பி.பி.ஓ நகல் எல்லாம் வைத்தேன். அக்டோபரில் போனால் பிரிவு எழுத்தர் மாறிவிட்டார், மனு எங்கே என்று தேட ஒரு நாள். நவம்பரில் மேலிடத்துக்கு எழுதவேண்டும் என்றார்கள், டிசம்பரில் எழுதத் தேவையில்லை என்றார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, காசும் கேட்கவில்லை. வேலைதான் நகரவில்லை. மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்தேன், கடைசியில் அதைக் காட்டித்தான் காரியம் நடந்தது. ஐந்துக்கு இரண்டு தருகிறேன், அதில் ஒன்று சொல்லாமலே ஏறிய அந்த முதல் ஓய்வூதியத்துக்கு.

குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், 80 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே பி.பி.ஓவை எடுத்து அவர் பிறந்த தேதி அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சேர்க்க மனு கொடுங்கள், 78 வயதில் அலைவது 80 வயதில் அலைவதைவிட மேல்.

ஜனவரியில் நிலுவையோடு ஏறிவிட்டது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும் நான் இனிப்பு வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அம்மா தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் வரவேண்டும், வந்திருப்பது நான்கு மாதத்துக்கு. ஆகஸ்ட் விட்டுப்போயிருக்கிறது. நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. மனுவை அவரே எழுதிவிட்டார், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.