கல்லூரிக் கட்டணம்: இலவசமா, கடனா, உதவித்தொகையா?

பள்ளி முடித்தபோது எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்றில் கட்டணமே இல்லை. இன்னொன்றில் கட்டணம் அதிகம். ஆனால் எங்கள் வருமானத்துக்கு உதவித்தொகை "பெரும்பாலும் கிடைத்துவிடும்" என்றார்கள். பெயர்பெற்றது இரண்டாவதுதான். நான் சேர்ந்தது முதலாவதில். காரணம் அந்தப் "பெரும்பாலும்".

முதல் தவணைக்கான கடைசித் தேதி, உதவித்தொகை முடிவு வருவதற்கு மூன்று வாரம் முந்தியே இருந்தது. அப்பா ஒரு பழைய தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். கிடைத்தால் ஒரு பத்தி, கிடைக்காவிட்டால் ஒரு பத்தி. இரண்டாவதைக் கூட்டாமலேயே பேனாவை மூடிவிட்டார்.

ஆகவே நான் நடுநிலை இல்லை. எல்லோருக்கும் கட்டணமில்லாக் கல்வி என்ற பக்கம்தான் சாய்வேன். "இலவசம் என்றாலும் யாரோ வரி கட்டத்தானே வேண்டும்?" என்பது எல்லோருக்கும் தெரிந்த கேள்வி, அதை விட்டுவிடுகிறேன்.

அடுத்த வழி, படித்து முடித்துச் சம்பளத்திலிருந்து கட்டும் கடன். ஆஸ்திரேலியா 1974-இல் கட்டணத்தை எடுத்துவிட்டு, 1989-இல் இந்த முறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1998-இல் 1,000 பவுண்டாக வந்த கட்டணம், 2012-இல் 9,000 வரை போனது. அங்கே சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை. சாதாரண வங்கிக் கடனைவிட இது எவ்வளவோ மேல், ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் என்னவென்றால், பாதியில் விதி மாறலாம், கணக்கும் எகிறலாம். ஆஸ்திரேலியாவில் 2023-இல் விலைவாசியைக் காட்டி நிலுவைக் கடனை ஒரேயடியாக 7.1 சதவீதம் ஏற்றினார்கள்; எதிர்ப்பு கிளம்பி, பிறகு குறைத்தார்கள். நான் இந்தக் கடனைக் கட்டியவன் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் நண்பன், மாதப் பிடித்தம் மறந்தே போகும் என்கிறான். நிலுவைக் கடிதம் வரும் நாள் மட்டும் மறக்காதாம்.

மூன்றாவது, தேவைப்படுபவருக்கு மட்டும் உதவித்தொகை. காகிதத்தில் பார்த்தால் இதுதான் நியாயம்: வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அரசு ஏன் கட்ட வேண்டும்? சிலி 2016-இல் கட்டணமில்லாக் கல்வியைத் தொடங்கியபோதும் வருமானத்தில் கீழ்ப்பாதிக் குடும்பங்களுக்குத்தான் கொடுத்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒன்றுதான்: பணம் உறுதி என்பது சேருவதற்கு முன்பே தெரிகிறதா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தே பார்த்தது. 2015-இல் தொடங்கி, நன்றாகப் படிக்கும் ஏழை வீட்டு மாணவர்கள் சிலருக்கு ஒரு கடிதம் போனது: இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கட்டணம் இல்லை, அதற்காக எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் வழக்கமான முறையில் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். "பார்க்கலாம்" என்றிருந்தது "உறுதி" ஆனது, அவ்வளவுதான். கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம். அந்தக் கடிதம் கிடைக்காத கூட்டத்தில்தான் அப்பாவும் நானும் இருந்தோம் என்று தோன்றும்.

வருமானச் சான்று, அதற்கு ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு சான்று என்று அலையத் தெரிந்த வீடுகளுக்குத்தான் உதவித்தொகை எளிதில் போய்ச் சேருகிறது. இலவசத்துக்கு அந்த அலைச்சல் இல்லை.

சரி, என் பக்கத்திலும் ஓட்டை உண்டு. கட்டணம் போனாலும் வாடகையும் சாப்பாடும் அப்படியேதான் இருக்கின்றன. ஸ்வீடனில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் வாழ்க்கைச் செலவுக்காக அவர்களில் பலர் கடன் வாங்குகிறார்கள். கட்டணமில்லாத என் கல்லூரியிலேயே என்னோடு சேர்ந்த இருவர் முதல் வருடத்தில் நின்றுவிட்டார்கள். இருவருக்கும் பாக்கி இருந்தது விடுதியில்.