கப்ஸா, ரேஸா: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எந்த அமெரிக்க பேஸ்பால் அணியைப் பின்தொடரலாம்?

விசுவாசத்துக்குச் சிகாகோ கப்ஸ் ரசிகர்களைத்தான் காட்டுவார்கள். 1908க்குப் பிறகு 2016இல்தான் கோப்பை; ஆனாலும் அந்தக் காத்திருப்பின் கடைசிப் பல ஆண்டுகளில் அவர்களின் சொந்த அரங்கமான ரிக்லி பெரும்பாலும் நிறைந்தே இருந்தது. விசுவாசம் மட்டும் காரணமல்ல. அரங்கம் குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. வாசலருகிலேயே ரயில் நிலையம்.

டாம்பா பே ரேஸ் 2008, 2020 இரண்டிலும் உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்றுவரை போன அணி. ஆனால் நாற்காலிகள் காலி. அரங்கம் இருப்பது புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். மக்களில் பெரும்பகுதி விரிகுடாவுக்கு அப்பால். வேலை முடிந்து பாலம் கடந்து வரவேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் தோட்டத்து ஆட்கள் டவுன் திடலுக்குக் காற்பந்து பார்க்க வருவார்களா? அதே கதைதான். இன்னொன்று: அங்கே அறிவிக்கப்படும் வருகை எண்ணிக்கை விற்ற டிக்கெட்டுகள்தான், வந்த தலைகள் அல்ல.

நமக்கு முக்கியம் நேரம். பருவம் முழுக்க சிகாகோ நம்மைவிட 13 மணி நேரம் பின்னால், புளோரிடா 12. கப்ஸ் சொந்த அரங்கில் பகல் ஆட்டங்கள் அதிகம். மதியம் 1:20 என்றால் இங்கே விடியற்காலை 2:20. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) போகிறவருக்கு அது ஆகாது. ரேஸின் இரவு 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 7. வெள்ளி இரவு ஆட்டம் என்றால் சனிக்கிழமைப் பசியாறலோடு பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர் ரேஸைப் பிடிப்பதே மேல். கப்ஸ், தூக்கம் வராதவர்களுக்கு.