காருக்கு ஒலித்தடுப்பும் வெப்பத்தடுப்பும்: மேட்டுப்பாளையம் பட்டறையில் செய்த வேலை

சிறிய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதுச்சேரி–கடலூர் சாலையில் இரண்டு தொல்லைகள் உண்டு: டயர் இரைச்சல் தகடு வழியே உள்ளே வருவது ஒன்று, வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரை அனலாய்க் கொதிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பூச்சு தீர்த்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள், அது உண்மையல்ல. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் என் காருக்கு இந்த வேலையைச் செய்துகொண்ட பிறகு, அதை இன்னும் உறுதியாகவே சொல்வேன்.

முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். விலை குறைவு என்பதற்காகத் தார் ஷீட்டை ஒட்டச் சொல்பவர்கள் இங்கே நிறைய உண்டு. கத்திரி வெயிலில் அது இளகும், நாற்றம் வீசும், நாளடைவில் கழன்று தொங்கும். கூரையின் உட்புறத்தில் அதை ஒட்டவே கூடாது. மேலே அலுமினியத் தாள் ஒட்டிய, 2 மி.மீ. தடிமனுள்ள பியூட்டைல் ரப்பர் ஷீட்டையே நான் பரிந்துரைப்பேன். தகட்டின் அதிர்வை அது உள்வாங்கிச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுவதால், ஒட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டும்போது ‘டங்’ என்று ஒலித்த கதவு, ஒட்டிய பின் ‘டொப்’ என்று அடங்கிவிடுகிறது. கதவு முழுவதையும் மூட வேண்டியதில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டர் ஷீட் ஏறத்தாழ 3 கிலோ எடை இருக்கும் என்பதால், மேலும் மேலும் ஒட்டுவது காருக்கு வீண் சுமை.

வெப்பத்தின் கதை வேறு. பளபளக்கும் அலுமினியத் தாள் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அதன் முன்னே காற்று இடைவெளி இருக்க வேண்டும். ஆகவே, கூரையில் பியூட்டைல் ஷீட்டை மட்டும் ஒட்டிவிட்டு வெப்பம் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. அதன்மேல் நீர் புகாத, மூடிய கண்ணறைகள் கொண்ட ஃபோம் ஒட்ட வேண்டும். சாதாரண ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் துருவேற்றிவிடும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் (மோதலின்போது கூரையோரத்திலிருந்து விரியும் காற்றுப்பை) உள்ள கார்களில் அது விரியும் வழியில் எதையும் ஒட்டக் கூடாது. கண்ணாடி வழியே வரும் வெயிலை இந்த வேலை எதுவும் தடுக்காது. ஆனாலும் தலைக்கு மேல் இறங்கும் அனல் குறைகிறது, கூரையில் விழும் மழையின் சடசடப்பும் நன்றாக அடங்கிவிட்டது.

வண்டியின் அடிப்புறத் தகட்டில் அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங்கை ஒலித்தடுப்பு என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. சக்கர வளைவில் சரளைக்கல் தெறிக்கும் ஓசையை அது மட்டுப்படுத்தும், உப்புக் காற்றிலிருந்து தகட்டைக் காக்கும். அதன் பயன் அவ்வளவே. பழைய துருவைச் சுரண்டாமல் அடித்தால் துரு உள்ளுக்குள்ளேயே பரவும். நீரில் கரைத்த ஒலித்தடுப்புப் பூச்சு, ஷீட் நுழையாத மூலைகளுக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு பூச்சும் நன்கு காய வேண்டும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதைத் தவிர்ப்பதே மேல்.

பட்டறைக்காரர்களின் கைவேலையில் எனக்குப் பெரும்பாலும் நிறைவுதான். கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றி, தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஷீட்டின் மேலுள்ள புடைப்புக் கோலம் மறையும்வரை உருளையால் அழுத்தினார்கள். ஷீட் நிலைத்து நிற்பது இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. பின்கதவு ஒன்றில் மட்டும் அடிப்பகுதி வடிகால் துளையை மூடிவிட்டார்கள். மழைக்குப் பிறகு கதவைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் சலசலத்தது. சொன்னவுடன் கூடுதல் கூலி கேட்காமல் வெட்டிச் சரிசெய்தார்கள். வண்டியை எடுக்கும்முன் நான்கு கதவுகளின் துளைகளையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

வேகமாகப் போகும்போது கேட்கும் காற்றின் விசில் மட்டும் குறையவில்லை. அதற்குக் கதவின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் பீடிங் ரப்பரைத்தான் மாற்ற வேண்டும். இந்தச் செலவைச் செய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.