கில் ஃப்ளாக் தப்பானால்: நகர்த்தவா, அழிக்கவா, முழுசாகக் கணக்கிடவா?

கம்பைலரில் (நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளில்) ஒரு ஆப்டிமைசேஷன் பாஸ், அதாவது நிரலை மேம்படுத்தும் ஒரு கட்டம், இன்ஸ்ட்ரக்ஷனை இடம் மாற்றுகிறது. மாற்றியது சரிதான், ஆனால் லைவ்னெஸ் தகவல் (எந்த மதிப்பு இன்னும் தேவை என்ற குறிப்பு) பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த வகை பக் வரும்போதெல்லாம் அதைத் தீர்க்க மூன்று வழிகள் பேசப்படும். முதலில் பக்கைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

அ = லோட் பி
ஆ = அ + 4
இ = அ × 2 (அ-வுக்கு இங்கே கில்)

கில் ஃப்ளாக், அதாவது கில் குறி என்றால், இந்த வரிக்குப் பிறகு அ யாருக்கும் தேவையில்லை என்று பொருள். இப்போது சிங்க் பாஸ் கூட்டலைப் பெருக்கலுக்குக் கீழே இறக்குகிறது. கில் குறி மட்டும் பெருக்கலிலேயே நிற்கிறது. அதை நம்பும் ரெஜிஸ்டர் அலோகேட்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன இடங்களான ரெஜிஸ்டர்களை மதிப்புகளுக்கு ஒதுக்கும் பகுதி), அ இருந்த ரெஜிஸ்டரை இ-க்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அ 10 என்றால் ஆ 14 வர வேண்டும், வருவதோ 24. எரரும் இல்லை, கிராஷும் இல்லை, விடை மட்டும் தப்பு.

முதல் வழி, குறியையும் கையோடு நகர்த்துவது. மேலே உள்ள மூன்று வரிக்கு இது அழகாக வேலை செய்யும், கம்பைல் நேரமும் ஏறாது. ஆனால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வந்தால் சிக்கல். லூப்புக்குள் இருந்த ஒரு கணக்கை வெளியே ஏற்றுகிறோம் என்று வையுங்கள். அதன் விடையைப் பயன்படுத்தும் வரி உள்ளேயே இருக்கிறது, கில் குறியோடு. முதல் சுற்றில் மதிப்பு இருக்கும். இரண்டாம் சுற்றில் அந்த ரெஜிஸ்டரில் வேறு எதுவோ உட்கார்ந்திருக்கலாம். இப்படி ஒவ்வொரு சூழலையும் பாஸ் எழுதுபவரே யோசித்துக் கையாள வேண்டும். ஒன்றை விட்டாலும் போச்சு.

இரண்டாவது, சந்தேகத்துக்கு இடமான குறிகளை அழித்துவிடுவது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பின் மெஷின் சிங்க் பாஸ் இதைத்தான் செய்கிறது: இறக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் படிக்கிற ரெஜிஸ்டர்களின் கில் குறிகளை நீக்கிவிடுகிறது. லூப்பிலிருந்து வெளியே ஏற்றும் பாஸும் தான் ஏற்றிய மதிப்புக்கு அப்படியே. என் ஓட்டு இதற்குத்தான். செத்த மதிப்பை உயிரோடு இருப்பதாக நினைத்தால் ஒரு ரெஜிஸ்டர் வீணாகும், மிஞ்சிப்போனால் ஒரு ஸ்பில் (ரெஜிஸ்டரில் இடமில்லாமல் மதிப்பை மெமரிக்குத் தள்ளுவது) கூடும். உயிருள்ளதைச் செத்ததாக நினைத்தால் பயனரின் கணக்கே கெட்டுப்போகும். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை. அதோடு எல்எல்விஎம்மில் பின்னால் வரும் லைவ் வேரியபிள்ஸ் பாஸ் குறிகளைப் புதிதாகவே போடுவதால், நடுவில் அழித்ததன் நஷ்டம் பெரும்பாலும் தெரிவதே இல்லை.

மூன்றாவது, லைவ்னெஸை முழுசாக மறுபடி கணக்கிடுவது. ஃபங்ஷனின் கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்து, விடை மாறாத நிலை வரும்வரை சுற்ற வேண்டும். துல்லியத்தில் இதை அடிக்க முடியாது. ஜிசிசி கம்பைலரின் 4.3 பதிப்பில், 2008-இல், வந்த டேட்டாஃப்ளோ கட்டமைப்பு இந்தப் பக்கம் சாய்ந்ததுதான்: பாஸ் கேட்டால் அது கணக்கிட்டுத் தரும், ஒவ்வொரு பாஸும் தனக்குத் தெரிந்தபடி ஒட்டுப்போட வேண்டியதில்லை. விலை, கம்பைல் நேரம். ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜிட்டில் ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு இதைக் கூப்பிட மனசு வராது. ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டுக்குச் சற்று முன்னால் ஒருமுறை என்றால் சரி.

அதனால் நகர்த்தும் பாஸில் அழிப்பு, துல்லியம் தேவைப்படும் இடத்தில் மறுகணக்கு என்று வைத்துக்கொள்வேன். முதல் வழியை, ஒரே பேசிக் பிளாக்குக்குள் (நடுவில் கிளையோ தாவலோ இல்லாமல் நேராக ஓடும் வரிகளுக்குள்) நகர்த்துகிற, நேரம் நிஜமாகவே இறுக்குகிற பாஸுக்கு மட்டும் விடுவேன்.

எதை எடுத்தாலும் டெஸ்ட்டில் லூப் குறைந்தது 2 சுற்று ஓடட்டும். 1 சுற்றில் இந்த பக் தலைகாட்டாமலே பாஸாகிவிடும். அப்புறம், எல்எல்விஎம்மில் மெஷின் வெரிஃபையரை (இப்படிப்பட்ட முரண்களைத் தேடும் சோதனைக் கருவியை) ஆன் செய்தே ஓட்டுங்கள். கில் ஆன ரெஜிஸ்டரை எந்த வரி திரும்பப் படிக்கிறது என்று அது நேராகக் காட்டிவிடும்.